இடிக்க விடாத வீடு

துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் நிற்கும் அந்த வீடு, வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரிகளுக்காகக் கட்டியது. பிற்காலத்தில் அதை வாங்கிய முதலாளியிடம் அம்மா பதினொரு வருடம் வேலை செய்தார். ஒருநாள் சாப்பாட்டு அறையிலிருந்த பித்தளை மணியைக் காணவில்லை. விருந்தாளிகள் பார்த்திருக்க, சேலை மடியை உதறிக் காட்டும்படி அவன் அம்மாவிடம் சொன்னான். அம்மா உதறினார். ஒன்றும் விழவில்லை. "நாளைக்கு வர வேண்டாம்" என்றான். பள்ளிக்கூடச் சட்டையோடு அம்மா சமைக்கும் குசினி வாசலில் நின்று நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

பழைய கட்டடங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் நான் படவரைஞராகச் சேர்ந்து சில வருடங்களில் அவனுடைய விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. நிலாவெளிக் கடற்கரையில் இருப்பதுபோல ஹோட்டல் கட்டப் போகிறானாம். 'உக்கிப்போன கட்டடம், இடிக்க அனுமதி தரவும்' என்று எழுதியிருந்தான். அம்மாவின் கதையை நான் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "மிஸ், இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டான். குடித்தேன். பத்து நாட்கள் அளந்தேன். கூரை மரங்களில் கப்பல் தச்சர்கள் உளியால் வெட்டிய எண்களைக்கூட விடாமல் வரைந்தேன். அறிக்கையில் ஒரு வரியும் பொய்யில்லை. படிப்பவர்கள் அந்த வீட்டின்மேல் எனக்குக் காதல் என்றே நினைத்திருப்பார்கள்.

வீடு பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடமாக அறிவிக்கப்பட்டது; இனி இடிக்கவோ மாற்றவோ முடியாது. மாரி தொடங்கியதும் அவன் பொல்லை ஊன்றிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தான்.

"மிஸ், வீடெல்லாம் ஒழுகுது. தகரமாவது போடலாமோ?"

"ஏலாது ஐயா. அதே மாதிரி ஓடுதான் போட வேணும்."

"அந்த ஓட்டுக்கு இப்ப நான் எங்க போறது?"

"தேடிப் பாருங்கோ."

பிறகு நான் யாருடைய மகள் என்று சொன்னேன். அந்தக் கணத்துக்காகத்தான் இவ்வளவு காலமும் காத்திருந்தேன். அவன் நெற்றியைச் சுருக்கினான்.

"ஆர் அது? எங்கட வீட்டில கனபேர் வேலை செய்தவையெல்லோ."

அவன் நடிக்கவில்லை. உண்மையாகவே மறந்திருந்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"விசரி! அது இடிஞ்சு விழுறதைப் பாக்கவெண்டல்லோ நான் இருந்தனான். நீ போய்க் காப்பாத்திப் போட்டு வந்து நிக்கிறாய்."

எனக்குக் கோபம் தணியவில்லை. அடுத்த மாதம் பரிசோதனைக்குப் போனபோது, பின்பக்க ஜன்னல் ஒன்றை அலுமினியத்தில் மாற்றியிருந்தான். கழற்றும்படி அன்றைக்கே கடிதம் அனுப்பினேன்.