கறுப்பு கேபிளும் வெள்ளை கேபிளும்

கணவன் இறந்தபோது புருல்சா ஒப்பாரி பாடவில்லை. எங்கள் கிர்கிஸ் வழக்கப்படி, பெண்டாட்டி கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாட வேண்டும். இவள் உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை. "எங்கண்ணன் கல்லைக் கட்டிக்கிட்டு வந்திருக்கான்" என்று நாத்தனார் எல்லார் முன்னாலும் சொன்னாள். அதன் பிறகு ஒரு வருஷம், பிஷ்கெக் வானொலியில் எங்கள் ஒலிப்பதிவு அறைக்கு வருவாள், வேலை பார்ப்பாள், போவாள். பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எரிச்சல்தான் வரும். மனுஷி ஒரு தடவையாவது அழக் கூடாதா?

அவள் கணவன் அசில்பெக் எங்கள் செய்தி வாசிப்பாளன். வருஷத் திதி விருந்தில் அவன் குரலைக் கேட்க வேண்டும் என்று வீட்டார் கேட்டார்கள். மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பழைய டிஜிட்டல் டேப். அதைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தாள். குரல் வந்தது. ஆனால் வரிக்கு வரி 'டிக் டிக்' என்று வெட்டியது.

"டேப் போயிடுச்சு அண்ணே" என்றாள், பஸ் போய்விட்டது என்பதுபோல. நாத்தனாருக்குச் சொல்ல போனையும் எடுத்துவிட்டாள்.

"கொஞ்சம் இரும்மா."

கேபிளைப் பார்த்தேன். டிரான்ஸ்மிட்டர் அறையின் தடித்த கறுப்பு கேபிள். வானொலிக்காரர்களுக்கு அது சாமி மாதிரி. கையில் கிடைத்ததும் மாட்டிவிட்டாள். அதன் மின்மறுப்பு ஐம்பது ஓம். டேப் மெஷினும், அதைக் கணினியோடு இணைக்கும் கன்வெர்ட்டரும் எழுபத்தைந்து. பொருந்தாத இடத்தில் சிக்னலில் ஒரு பங்கு முட்டித் திரும்பி, பின்னால் வருவதைக் கலைக்கும்.

எழுபத்தைந்து ஓம் கேபிள் கேன்டீன் டிவியில்தான் இருந்தது. மெலிந்த, வெள்ளை ஆன்டெனா கேபிள். நாங்கள் யாரும் மதிக்காத ஜாதி. பிடுங்கினேன்.

"டேய் கிழவா, என் சீரியல்! இனி உனக்கு டீ கிடையாது!" என்று கத்தினாள் கேன்டீன் லூபா.

அதை மாட்டி, டேப்பை முதலிலிருந்து ஓட்டியதும் ஒரு வெட்டும் இல்லை. காகிதம் புரளும் சத்தம். அசில்பெக் தொண்டையைச் செருமினான்.

"புருல்சா, கேக்குதா? இன்னிக்கு டீயில உப்பைக் கொட்டிட்டியேடி."

அந்தப் பதிவையும் அன்று இவள்தான் செய்திருக்கிறாள். இப்போது அவள் விரல் தானாகப் போய், ஸ்டூடியோவுக்குப் பேசும் பொத்தானை அழுத்தியது.

"கேக்குது. வாசிங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டூடியோவில் அட்டைப் பெட்டிகள்தான் இருந்தன. அவன் நாரின் ஊர்ப் பக்கம் பெய்த பனியைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தான். அவள் கண் காய்ந்தே இருந்தது. நான்தான் தாங்க முடியாமல் விம்மிவிட்டேன்.

அவள் திரும்பவில்லை.

"சத்தம் போடாதீங்கண்ணே. வாசிச்சிட்டிருக்கார்."