214-ஆம் வரியின் றகரம்

அவளுக்கு ஒற்றக்கா என்று பெயர் வைத்தது யாரென்று இப்போது யாருக்கும் நினைவில்லை. ‘பற்றி கேட்டேன்’ என்று எவராவது எழுதிவிட்டால் போதும், நடுவிலிருந்த ‘க்’ எங்கே போனது என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பாள். பிழைப்பும் அதுதான். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிறார்களே, ஒருவரும் படிக்காத பொடி எழுத்துத் தாள், அதில் பதினாறு வருடமாகப் பிழை பார்க்கிறாள். அரை மாத்திரை என்பதில் அரை தவறினால் ஆளே தவறிவிடுவார் என்று அலுவலகத்தில் அடிக்கடி சொல்வாள். முதல் தடவை சிரித்தவர்கள் மறுதடவை சிரிக்கவில்லை.

காலை ஆறிலிருந்து எட்டு வரை, சாப்பாட்டு மேசையில் ஒரு ஓரத்தை ஒதுக்கிக்கொண்டு, சம்பளமில்லாத இன்னொரு வேலை பார்த்தாள். மருத்துவமனைகளில் காத்திருப்பவர்களை வரிசைப்படி பெயர் சொல்லி அழைக்கும் மென்பொருள் ஒன்று. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். நிரலுக்கு நடுவே, இந்த இடம் என்ன செய்கிறது என்று தமிழில் குறிப்புகள் எழுதியிருக்கும். கணினி அவற்றைத் தொடாது. அடுத்து வந்து வேலை செய்கிற மனிதருக்காக எழுதியவை. அந்தக் குறிப்புகளில் ஊர்ப்பட்ட எழுத்துப்பிழை. அவற்றைத் திருத்தி அனுப்ப ஆள் வந்துகொண்டே இருக்கும். வருகிற திருத்தம் சரிதானா என்று பார்க்கத்தான் ஆள் கிடையாது. நூறு திருத்தங்களுக்கு நடுவே ஒருவர் தலைவலியைத் தலைவளி ஆக்கியிருப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க அவள் ஒருத்திதான் இருந்தாள்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு பிழையைத் திருத்த மட்டும் யாரையும் விடவில்லை. வரிசையை நடத்தும் கோப்பில் 214-ஆம் வரி: ‘அழைத்தும் வறவில்லை என்றால் பெயரை நீக்காதே, கடைசியில் சேர்த்துவை.’ வரவில்லை என்பதில் ர போய் ற உட்கார்ந்திருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் தெரியும் பிழை. முப்பத்தோரு பேர் அதைத் திருத்தி அனுப்பினார்கள், முப்பத்தொன்றையும் திருப்பி அனுப்பினாள். பிறகு பார்க்கலாம் என்பாள், இந்தக் கோப்பில் வேறு வேலை நடக்கிறது என்பாள். ஒருவர் மனசு கேட்காமல் அகராதிப் பக்கத்தையே படமெடுத்து அனுப்பினார். அவருக்கு நன்றி சொல்லி, அதையும் திருப்பினாள்.

அந்த வரியை எழுதியது அவள் தம்பி.

அவன் வேலை போய் வீட்டில் சும்மா இருந்த நாட்களில் அவள்தான் அவனை இதற்குள் இழுத்துவிட்டாள். நிரல் நன்றாக எழுதினான். ர, ற மட்டும் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தகராறு. பள்ளிக்கூடத்தில் அதற்காக வாங்காத அடியில்லை. அந்த வரியை அனுப்பிய அன்று அவளுக்கு அலுவலகத்தில் ஒரு தாளில் பிழை தப்பிப்போய், மேலாளர் எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டித் தீர்த்திருந்தார். அந்த ஆத்திரத்தோடு வந்து உட்கார்ந்து, அவன் அனுப்பியதற்குக் கீழே, நாற்பது பேர் படிக்கிற இடத்தில் எழுதினாள்: ‘ரகரம் றகரம் தெரியாதவனை நம்பி வேலை கொடுத்தது என் புத்தி. வீட்டிலேயும் தண்டம், இங்கேயும் தண்டம்.’ வேடிக்கை என்று நினைத்து ஏழெட்டுப் பேர் சிரிப்பு முகம் போட்டார்கள்.

மறுநாள் காலை அவன் இல்லை. பையையும் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு போயிருந்தான். தொலைபேசி எண் அன்றே செத்துப்போனது. ஒரு வருடம் எட்டு மாதம் ஆயிற்று. கூடப் படித்தவர்கள், பழைய முதலாளி, காவல் நிலையம் என்று போகாத இடமில்லை. வயது வந்த பையன், தானாகப் போயிருக்கிறான், நாங்கள் என்ன செய்ய என்றார்கள். அம்மாவுக்குக் காரணம் தெரியாது. போனதைவிட அவன் சொல்லாமல் போனதுதான் அம்மாவுக்கு ஆறவில்லை. “கடைக்குப் போனாக்கூட வரேம்மான்னு சொல்லிட்டுப் போற பிள்ளை” என்பாள். தினமும் ஒரு தடவையாவது சொல்வாள், மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள்.

ஒவ்வொரு வரிக்கும் நேரே, அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயர் நிற்கும். 214-க்கு நேரே தம்பி பெயர் நின்றது. அவன் எழுதிய மற்ற வரிகளையெல்லாம் யார் யாரோ மாற்றிவிட்டார்கள், மிஞ்சியது அது ஒன்றுதான். என்றைக்காவது அவன் எட்டிப் பார்த்தால் அது அப்படியே இருக்க வேண்டும், அக்கா இதைத் தொடவில்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும். வேறு எந்த வழியில் மன்னிப்புக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை சாவியிடமிருந்து அறிவிப்பு வந்தது. மென்பொருளைத் தொடங்கியவர், கடைசி அனுமதி அவர் கையில் என்பதால் எல்லோருக்கும் அவர் சாவி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒரு திருத்தும் கருவியை ஓட்டி எல்லாக் கோப்பிலும் எழுத்துப்பிழையை ஒரேயடியாகத் தீர்க்கப்போவதாக எழுதியிருந்தார். ஒற்றக்காவுக்கு இனிமேல் ஓய்வு என்று கடைசியில் ஒரு கிண்டல் வேறு.

வேண்டாம் என்று காரணம் காரணமாக எழுதினாள். கருவிக்குச் சந்தி தெரியாது என்றாள், பெயர்ச்சொல்லைக் கெடுக்கும் என்றாள். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. புதன்கிழமை மதியம் அலுவலக மாடிப்படியில் நின்று அவருக்கே போன் செய்தாள். ஒரு றகரத்துக்கா இவ்வளவு என்று அவர் சிரித்தபோது, யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்து, மேலே ஏறி வந்த கணக்காளர் திரும்பிக் கீழே போய்விட்டார்.

“நானும் அன்னிக்கு சிரிச்சவன்தான்” என்றார் சாவி. “அந்த ஒரு கோப்பை மட்டும் ஒதுக்கி வைக்கிறேன். ஆனா ரொம்ப நாள் முடியாது. நீங்களும் அவன் பார்ப்பான்னே உக்காந்திருக்காதீங்க.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளை அடித்தது. அவளுக்கும் அது தெரியாததில்லை. பார்க்காத ஒருவனுக்காக ஒரு பிழைக்குக் காவல் இருக்கிறாள். அன்று இரண்டு தாள்களைச் சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பாதி வழியிலிருந்து திரும்பி ஓடிப்போய் வாங்கிப் பார்த்தாள்.

வியாழன் காலை ஆறரைக்கு ஒரு திருத்தம் வந்திருந்தது. முந்தின நாள் திறந்த கணக்கு, பெயருக்குப் பதில் வெறும் எண். அதே கோப்பில் அறுபத்திரண்டு பிழைகள் திருத்தப்பட்டிருந்தன. வழக்கம்போல ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நிருத்து, நிறுத்து ஆகியிருந்தது. விட்டுப்போன ஒற்றெல்லாம் திரும்பி வந்திருந்தது. 213 திருத்தியிருந்தது, 215 திருத்தியிருந்தது. 214 மட்டும் அப்படியே இருந்தது.

கவனக்குறைவாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். எங்கோ ஒளிந்திருந்த ஒற்றைப் பிடித்தவருக்கு எதிரே நிற்கிற ற தெரியாதா? என்ன எழுதுவது? பெயர் சொல்லிக் கேட்டால் மறுபடி ஓடிவிடுவானோ என்று பயம். மூன்று தடவை அடித்து மூன்று தடவை அழித்து, கடைசியில் யாருக்கோ எழுதுகிற மாதிரி எழுதினாள்: ‘214-ஆம் வரியில் ஒரு பிழையை விட்டுவிட்டீர்கள்.’

குளிக்கவில்லை, அலுவலகத்துக்குக் கிளம்பவில்லை. எட்டே காலுக்குப் பதில் வந்தது.

‘தெரியும்க்கா. அது என்னோடது.’

‘எங்கடா இருக்கே? நான் எழுதினது தப்பு. அம்மா காத்துக்கிட்டிருக்காங்க’ என்று ஒற்றும் பார்க்காமல் அனுப்பினாள். நாற்பது பேர் படிப்பார்கள் என்ற நினைப்பே இல்லை. பத்து நிமிடம் கழித்து ஒரே ஒரு சொல் வந்தது.

‘வறேன்.’

அதற்குப் பிறகு அவள் என்ன எழுதியும் பதில் இல்லை. பத்து மணிக்கு அந்தக் கணக்கே இல்லாமல் போனது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், தான் எழுதிய அந்த ஏச்சையும் சேர்த்து. அம்மா திட்டவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையில் இருந்த அந்தச் சொல்லை வெகுநேரம் பார்த்தாள்.

“இது வரப்போறேன்னு சொல்றானா, இல்ல அன்னிக்குச் சொல்லாம போனானே, அதை இப்பச் சொல்றானா?”

“தெரியலம்மா.”

“நீதானே எழுத்தெல்லாம் பாக்குறவ.”

அம்மா வாசல் கதவின் மேல் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வந்து, அடுப்பில் உலையில் இன்னொரு ஆளுக்கு அரிசி போட்டாள். அறுபத்திரண்டு திருத்தங்களுக்கும் மகள் ஒப்புதல் கொடுத்தாள். விட்டுப்போன பிழை ஏதும் உண்டா என்று ஒப்புதல் படிவம் கேட்டிருந்த இடத்தில், இல்லை என்று எழுதினாள்.