நடுங்கிய சர்வோ

என் மாமாவுக்குச் சனிக்கிழமை என்றால் ஓவர்டைம், ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏரோப்ளேன். நடுவில் எப்போது தூங்கினார் என்று எனக்கு நினைவில்லை. ஒரகடத்தில் கார் கம்பெனி லைனில் வேலை. தலைக்கு மேலே நகர்ந்து வரும் காரின் அடியில், கடகடவென்று அதிரும் 'கன்'னை வைத்து நாளெல்லாம் போல்ட் முடுக்க வேண்டும். அம்மாவின் தம்பி என்பதால் மண்ணூரில் எங்களோடுதான் இருந்தார். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பாதித் தூக்கத்தில் இருப்பார்.

அந்த வருஷம் தெர்மாகோல் அட்டையில் விமானம் ஒன்று செய்தார், வானத்தில் குட்டிக்கரணம் போடுகிற ரகம். அதற்கு உயிர் சர்வோ என்பார். தீப்பெட்டியைவிடச் சின்ன மோட்டார் அது. ரிமோட் குச்சியை எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவுக்கு அதன் வெள்ளைக் கை திரும்பி, ஒரு கம்பியால் இறக்கையின் மடிப்பை அசைக்கும். காணும் பொங்கலன்று வல்லம் வடகாலில் காலி மனையில் பறக்கவிடுவதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நான் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

ஆனால் சர்வோ நடுங்கியது. அவர் குச்சியைத் தள்ளியதும் மடிப்பு படபடவென்று துடித்தது. பிளாஸ்டிக் பல்சக்கரம் சரியில்லை என்று, சென்னைக்குப் போய் உலோகப் பல் வைத்ததை வாங்கி வந்தார். அதுவும் நடுங்கியது. கம்பியைச் சர்வோவின் வெள்ளைக் கையில் உள் ஓட்டைக்கு மாற்றினார். நடுக்கம் குறைந்தது, கூடவே மடிப்பு திரும்புவதும் குறைந்தது. குட்டிக்கரணம் வராது என்று பழைய ஓட்டைக்கே மாற்றினார். சர்வோ செய்தவனின் பரம்பரையையே திட்டினார். காப்பி கொண்டுவந்த அம்மா, "இன்னாடா, பாதி காப்பிய சட்டைல ஊத்திக்கினு கீற? போய்ப் படுடா" என்றாள்.

மூன்றாவது சர்வோவை மாட்டியதும் ரிமோட்டை என்னிடம் நீட்டினார். "நீ புடி. மெதுவா தள்ளு."

தள்ளினேன். மடிப்பு துளி நடுக்கமில்லாமல் சாய்ந்து நின்றது. அவர் வாங்கித் தள்ளினார், துடித்தது. மறுபடி நான், நின்றது. "மாமா, எனக்குத்தான் அடங்குது!" என்று குதித்தேன்.

அவர் விமானத்தைப் பார்க்கவில்லை. தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சர்வோ நல்லாத்தான் கீது" என்றார். குப்பையில் வீசிய பழைய சர்வோக்களை எடுத்துத் துடைத்து டப்பாவில் வைத்தார்.

காணும் பொங்கலன்று விமானம் பீரோ மேலேயே கிடந்தது. காற்று ஜாஸ்தி என்று தெருவில் சொல்லிவிட்டார். இலைகூட அசையாத நாள் அது. வகுப்பில் என் மானம் போனது. விமானம் எனக்கு அடங்கிய பொறாமையில்தான் மாமா பறக்கவிடவில்லை என்று ஆத்திரத்தோடு அம்மாவிடம் கோள் மூட்டினேன், ரிமோட் கதையை ஒன்றுவிடாமல் சொல்லி.

அம்மா மாமாவைத் திட்டுவாள் என்று நினைத்தேன். ஆனால் மறுநாளிலிருந்து மாமாவுக்குக் காப்பியை அரை டம்ளர்தான் ஊற்றிக் கொடுத்தாள். சொந்தத் தம்பியிடம் இவ்வளவு கஞ்சத்தனமா என்று எனக்குக் கோபமாக வந்தது.