மாதிரி வீட்டில் மூட்டிய அடுப்பு

அங்கம்மாவுக்கு வீடு கிடைத்த கதையை கண்டி மஹய்யாவவில் யாரிடம் கேட்டாலும் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். அங்கம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். வீடு கிடைத்த பிறகும் அதற்கு வெளியே கிடந்தவள் அவள்தானே.

அவள் பிறந்ததும் பெரிய மனுஷியானதும் வாழ்க்கைப்பட்டதும் அந்தச் சரிவில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரே லயத்தில். அப்பா கண்டித் தெருக்களைக் கூட்டினார். அவருக்குப் பிறகு விளக்குமாறு அவள் கைக்கு வந்தது. புருஷன் அழகையா, மகள் புஷ்பம், கொழுந்தன்மார் எல்லோருக்குமாக ஒரு காம்பரா. நடுவில் பழைய சேலை ஒன்றைத் தொங்கவிட்டால் அது இரண்டு அறை. யாருக்காவது கோபம் வந்தால் சேலைக்கு அந்தப் பக்கம் வரைதான் கோபித்துக்கொண்டு போகலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நிறுவனம் வந்தது. அதற்குக் கிடைத்த நன்கொடை பூர்வீக மக்களுக்கு வீடு கட்ட மட்டுமே என்று ஏதோ தூர தேசத்தில் முடிவு செய்திருந்தார்கள். பூர்வீக மக்களைத் தேடிக் காடு மேடெல்லாம் அலைய நிறுவனத்துக்கு நேரமில்லை. நன்கொடை கொடுத்த விருந்தாளிகள் தங்கும் ஹோட்டலில் இருந்து மஹய்யாவ கூப்பிடு தூரம். ஆகவே அங்கம்மா பூர்வீகக் குடியானாள். அவளுடைய அப்பாவைச் சாகும்வரை இந்தியர் என்றுதான் இங்கே சொன்னார்கள். குடியுரிமை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிய சித்தப்பாவை அங்கே சிலோன்காரர் என்றார்கள். இவளுக்கு மட்டும் இருந்த இடத்திலேயே பதவி உயர்வு.

நிறுவனத்தின் இணைப்பாளர் சுந்தரலிங்கம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நல்லவன்தான். கூட்டம் ஒன்று கிடைத்தால் அவனுக்குச் சோறே வேண்டாம். "வீட்டைக் கட்டுறது பெரிய விசயமில்லை, சமூகத்தைக் கட்டவேணும்," என்பான். அவன் சொன்னபடி சமூகம் கூலியில்லாச் சிரமதானத்தில் மண் சுமந்தது, கல் சுமந்தது, தண்ணீர் சுமந்தது. அவன் குடை பிடித்துக்கொண்டு உற்சாகப்படுத்தினான். முதலில் ஒரு மாதிரி வீடு. விருந்தாளிகள் அதைப் பார்த்துத் திருப்திப்பட்டால் மற்றவர்களுக்கும் வீடு என்பது ஏற்பாடு. குலுக்கலில் அங்கம்மாவின் பெயர் வந்தபோது அவள் அழுதேவிட்டாள். அவளுக்கு விவரம் தெரியாது.

வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். வாசலில் 'பூர்வீக மக்கள் வீடமைப்புத் திட்டம் - மாதிரி வீடு' என்று மரப்பலகை மாட்டினார்கள். குசினியில் கேஸ் அடுப்பு வைத்தார்கள், கேஸ் இல்லாமல். சுவரில் தாயும் சேயும் சிரிக்கும் படம் ஒன்றை ஒட்டினார்கள். பிறகு பூட்டினார்கள்.

"விருந்தாளிகள் வந்து பாத்திட்டுப் போகட்டும் அக்கா. அதுக்குப் பிறகு நீங்கள் தாராளமா இருக்கலாம்," என்றான் சுந்தரலிங்கம்.

பூட்டின் திறப்பு மூக்காயியிடம் போனது. பக்கத்துக் காம்பராக்காரி, மாதர் சங்கத் தலைவி. எந்நேரமும் அதை முந்தானையில் முடிந்து வைத்திருப்பாள். அங்கம்மா சாமி படம் மாட்ட ஓர் ஆணி அடிக்கக் கேட்டதற்கே அவள் பாய்ந்தாள்.

"ஒன் வீட்டுச் செவுத்துல ஒரு பொட்டு அழுக்குப் பட்டா எங்க வீடெல்லாம் போயிரும், தெரியும்ல? ஒனக்குக் கெடச்சிருச்சுன்னு நெனப்பா?"

அந்த வீட்டில் தையல் வகுப்பு நடந்தது. குழந்தைகளை நிறுத்துப் பார்த்தார்கள். சமூக ஒற்றுமை பற்றி மூன்று பயிற்சிப் பட்டறைகள் நடந்தன. அங்கம்மா போய்த் தரையைத் துடைத்துவிட்டு வருவாள். விருந்தாளிகள் மட்டும் வந்தபாடில்லை.

இதற்கிடையில் குண்டசாலையில் கட்டிக்கொடுத்த புஷ்பத்துக்குத் தலைப்பிரசவம். பிள்ளை பெற்றவள் தாய்வீட்டுக்குத்தான் வரவேண்டும். "புது வீடு கெடச்சிருக்காமே சம்பந்தி, பின்னே என்ன கொறச்சல்?" என்று சம்பந்தியம்மா வேறு சொல்லி அனுப்பியிருந்தாள். அங்கம்மாவுக்கு உயிரே போய்விட்டது. மகளையும் பேரனையும் ஆஸ்பத்திரியில் இருந்து எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பது? காம்பராவுக்குத்தான் கொண்டுவந்தாள். அன்றைக்கென்று மழை பிடித்துக்கொண்டது. தகரம் ஒழுகி, தொங்கிய சேலை நனைந்து, பிள்ளை இருமத் தொடங்கியது. பத்தடி தள்ளி, ஒழுகாத கூரைக்குக் கீழே, படத்துத் தாயும் சேயும் சுகமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

விடிந்ததும் மூக்காயி வாசலில் வந்து நின்றாள். தலையில் ஒரு கட்டு விறகு. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"செவுத்துக்கு அந்தப் பக்கம் புள்ள இருமுறதக் கேட்டுக்கிட்டு மனுசி தூங்க ஏலுமா? எந்திரி. புஷ்பத்தக் கூட்டிக்கிட்டு வா."

"ஒங்களுக்கெல்லாம் வீடு வராமப் போயிருமே, அக்கா."

"வராட்டிப் போகுது. இவ்வளவு நாளும் வீட்டுலயா இருந்தோம்?"

மூன்று பட்டறைகளில் வராத ஒற்றுமை ஒரு விறகுக் கட்டோடு வந்து நின்றது.

குசினியில் மூன்று கல்லை வைத்து மூட்டினார்கள். பெண்கள் ஆளுக்கொரு பானைத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். நொச்சித் தழை கொதித்தது, சாம்பிராணி புகைந்தது, வெள்ளைச் சுவர் கறுத்தது. பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் வெந்நீர் வார்த்து முடிவதற்குள் தெருவில் வேன் வந்து நின்றது. மாதக்கணக்கில் வராத விருந்தாளிகளுக்கு அன்றைக்குத்தான் நாள் கிடைத்திருந்தது.

வீட்டுக்குள் இருந்து புகை வருவதைப் பார்த்ததும் சுந்தரலிங்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன அக்கா இப்பிடிச் செய்துபோட்டியள்!"

வெள்ளைக்கார அம்மா ஒருத்தி அவனைத் தாண்டி உள்ளே வந்தாள். கறுத்த சுவரைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், துண்டில் சுற்றிய பிள்ளையைப் பார்த்தாள். ஏதோ கேட்டாள்.

"இந்த வீட்டில ஆர் இருக்கிறதெண்டு கேக்கிறா," என்றான் சுந்தரலிங்கம், குரல் எழும்பாமல்.

வீடு கட்டி முடித்த நாளில் இருந்து அதைக் கேட்டவர் யாருமில்லை.

"இன்னைக்குக் காலையில இருந்து நாங்கதான் இருக்கோம்னு சொல்லுங்க, தம்பி," என்றாள் அங்கம்மா.

அவன் அதை எப்படிச் சொன்னானோ தெரியாது. வெள்ளைக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்; புகையாகவும் இருக்கலாம். மற்ற வீடுகளுக்கும் பணம் வந்தது. இரண்டாவதாகக் கட்டிய வீடு மூக்காயிக்கு. அடுத்த கூட்டத்தில் சுந்தரலிங்கம், மக்கள் வாழ்ந்து காட்டும் வீடுதான் தன்னுடைய திட்டம் என்று விளக்கினான். கைதட்டினார்கள்.

சில வாரம் கழித்து அவன் மறுபடி வந்தான். அங்கம்மா பின்கட்டில் கால் நீட்டி உட்கார்ந்து பேரனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை வேறை ஆக்கள் வருகினம். பத்து மணிபோல அந்த விறகு அடுப்பைக் கொஞ்சம் மூட்டி வையுங்கோ. பிள்ளையையும் குளிப்பாட்டினால் நல்லது. ஓம், வாசலில இருந்த பலகை எங்கை, காணேல்லை?"

"இங்கதான் எங்கயாச்சும் இருக்கும், தம்பி," என்று சொல்லிக்கொண்டே அவள் பேரனைத் துடைத்துத் தூக்கினாள். அவள் எழுந்த இடத்தில், ஈரத்தில் மினுங்கிக்கொண்டு, பூர்வீக மக்கள் என்ற எழுத்துகள் தெரிந்தன.

"புள்ள தூங்கப்போறான், தம்பி. போயிட்டு இன்னொரு நாளைக்கு வாங்க."

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். கட்டிய நாளில் இருந்து, பார்க்க வந்தவர் வெளியே நிற்க, அந்தத் தாழ்ப்பாளை உள்ளே இருந்து போட்டது அதுதான் முதல் தடவை.