அக்கா உயர்த்திய கை

என் வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது. சித்தூரில் எங்கள் கோயில் வாசலில் எடுத்தது. பதினைந்து வயது அக்கா வெள்ளைத் தாவணியில், இறுக்கிப் பின்னிய இரட்டை ஜடையோடு நிற்கிறாள். வலக்கையைத் தலைக்கு மேலே உயர்த்தியிருக்கிறாள். முகம் மட்டும் நேராக இல்லை. கேமராவை விட்டுவிட்டு இடப்பக்கம் எதையோ பார்க்கிறாள். வீட்டுக்கு வந்த சபையார் எல்லோரும் அந்தப் பார்வையைத்தான் மெச்சினார்கள். பக்கத்தில் தேவதூதன் நின்றதைப் பார்த்திருக்கிறாள் என்று ஒரு அத்தை சொல்லப்போய், அதுவே நிலைத்துவிட்டது. நைனா தேக்குச் சட்டம் போட்டு மாட்டிய படம் அது. நைனா போனார், அம்மா போனாள், இப்போது அக்காவும் இல்லை. கழற்றி உள்ளே வைத்துவிடலாம் என்று இரண்டு முறை ஸ்டூல் போட்டு ஏறினேன். இரண்டு முறையும் தூசியைத் துடைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

அக்காவின் உடம்பு மற்றவர்களுடையதைப் போல இல்லை என்பது எனக்கு ரொம்பச் சின்ன வயதிலேயே தெரியும். கட்டைவிரலைப் பின்னால் மடக்கி முன்கையைத் தொடுவாள். சுண்டுவிரல் புறங்கைப் பக்கம் நிமிர்ந்து நிற்கும். முட்டி மடங்காமல் குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதிப்பாள். மிஷன் பள்ளிக்கூடத்துப் பெண்கள் அதைப் பார்ப்பதற்காகவே அவளுக்கு நெல்லிக்காய் கொண்டுவந்து கொடுப்பார்கள். பங்கு எனக்கும் வரும் என்பதால் நானே ஆள் பிடித்துக்கொண்டு வருவேன். சமதரையில் அவளுக்குக் கணுக்கால் பிசகுவதையும், நாலு பக்கம் எழுதினால் விரல்களை உதறிக்கொண்டு அழுவதையும் அந்தப் பெண்கள் பார்த்ததில்லை. அம்மா பார்த்தாள், ஆனால் நம்பவில்லை. "வேலைன்னு சொன்னா போதும், ஒடனே இவளுக்கு முட்டி வலிக்கும்" என்பாள். வளைகிற உடம்பு எப்படி வலிக்கும் என்பது எங்கள் வீட்டின் கணக்கு.

தோள் நழுவுவது மட்டும் என்னையும் அவளையும் தவிர யாருக்கும் தெரியாது. முதல் தடவை கிணற்றடியில் நடந்தது. குடத்தை வெடுக்கென்று தூக்கியவள் அப்படியே முகம் வெளுத்து நின்றுவிட்டாள். வலத்தோள் முன்பக்கம் துருத்திக்கொண்டு, கை தன்னுடையது இல்லாதது போலத் தொங்கியது. வீட்டில் சொன்னால் எலும்பு கட்டுகிற புத்தூருக்குக் கூட்டிப்போய் மூங்கில் பட்டை வைத்துக் கட்டிவிடுவார்கள் என்று எங்களுக்குப் பயம். அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மணிக்கட்டை என்னிடம் கொடுத்தாள். "இழுக்காத. புடிச்சிக்கினு அப்டியே நில்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றாள். உடம்பை மெதுவாகப் பின்னால் சாய்த்துக்கொண்டே கையை அங்குலம் அங்குலமாக மேலே கொண்டுபோனாள். தலைக்கு மேலே வந்ததும் தாழ்ப்பாள் விழுந்தது போல ஒரு சத்தம் கேட்டது. தோள் உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு தடவையாவது என்னைத் தேடி வருவாள். கூப்பிட மாட்டாள், பார்ப்பாள். அந்தப் பார்வை வந்தால் நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடவேண்டும்.

எனக்குப் பத்து வயதான வருஷம் கோயில் மைதானத்தில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் பந்தலில் பெஞ்சு நகர்த்தும்போது அக்காவின் தோள் நழுவியது. அவள் என்னைப் பார்த்தாள். நான் கூட்டத்தில் புகுந்து அவளிடம் ஓடினேன். அதற்குள் அம்மா பார்த்துவிட்டாள். "ஐயோ, எம் பொண்ணு கை போச்சே!" என்று அவள் போட்ட கூச்சலில் நாலு பெண்கள் அக்காவைத் தூக்காத குறையாக மேடைக்குக் கொண்டுபோனார்கள். பிரசங்கியார் நல்ல மனிதர், இன்றும் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கண்ணை மூடி, மனமுருகி ஜெபித்துக்கொண்டே அவள் கையை மெதுவாக, மிக மெதுவாக மேலே உயர்த்தினார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. சபையாருக்குத் தெரிந்ததெல்லாம் செத்துத் தொங்கிய கை உயிரோடு எழும்பியதுதான். அல்லேலூயா என்று பந்தலே அதிர்ந்தது. நைனா முழங்காலில் விழுந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இது மாதாமாதம் கிணற்றடியில் நடப்பதுதானே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து அக்கா சபையின் சாட்சி ஆனாள். எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகைக்கு வேர்க்கடலையும் வெல்லமும் பூசணிக்காயும் பீடத்தின் முன்னால் குவிந்திருக்கும். அவற்றைப் படைத்து முடித்ததும், அந்தந்த வருஷம் கர்த்தர் செய்த நன்மைகளை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். மற்றவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு நன்மை. அக்காவுக்கு மட்டும் எல்லா வருஷமும் அதே நன்மை. அவள் முன்னால் போய், நடந்ததைச் சொல்லி, கடைசியில் சபை பார்க்க அந்தக் கையைத் தலைக்கு மேலே வீசி உயர்த்தவேண்டும். முதல் பண்டிகை முடிந்ததும்தான் நைனா ஸ்டுடியோக்காரரைக் கூட்டிவந்து இந்தப் படத்தை எடுக்கவைத்தார். படத்தில் விழாமல் தள்ளி நிற்கச் சொல்லி என்னை விரட்டினார்.

வீசி உயர்த்தினால் அந்தத் தோள் நிற்காது. முக்கால்வாசி வருஷங்களில் நழுவிவிடும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, இடக்கையால் தாவணியைச் சரிசெய்வது போல வலக்கையைத் தாங்கிக்கொண்டு, மெதுவாக வெளியே நடப்பாள். நான் இரண்டு நிமிஷம் கழித்து எழுந்து போவேன். உள்ளே ஸ்தோத்திரப் பாட்டு பாடிக்கொண்டிருப்பார்கள். கோயிலின் பின்சுவரில் சாய்ந்துகொண்டு அவள் மணிக்கட்டை நீட்டுவாள், நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். வலிக்கிறது என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. ஒருமுறை சொன்னாள். நைனா கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். "சொகமான கை எப்டிமா வலிக்கும்? அப்டி சொன்னா கர்த்தர் செஞ்சது பொய்னு ஆயிடாதா?" அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

இனி எழுதப்போவதுதான் என் பாவம். எனக்குப் பதினேழு வயதானபோது அக்கா ஒருநாள் கிணற்றடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது முட்டி, இடுப்பு, மணிக்கட்டு எல்லாமே அவளுக்கு வலித்துக்கொண்டிருந்தது. வாத்தியாரம்மா வேலைக்குப் போய், போர்டில் எழுத முடியாமல் ஒரே வருஷத்தில் திரும்பி வந்திருந்தாள். உடம்பு வணங்காதவள் என்று ஊர் பேர் வைத்துவிட்டது. "நான் சொன்னா விசுவாசம் போச்சும்பாங்க. நீ கூடவே இருந்து பாத்தவ. நீ நைனா கிட்ட சொல்லுடி. அதுக்கு முன்னாடியே இது நழுவிக்கினுதான் இருந்திச்சின்னு சொல்லு" என்றாள். சொல்கிறேன் என்றேன். எனக்கு ட்ரெய்னிங் பள்ளியில் இடம் கேட்டு ஆயர் கடிதம் எழுதித் தருவதாக இருந்த வாரம் அது. எங்கள் வீட்டை அவர் சாட்சி வீடு என்றுதான் சொல்வார். கடிதம் வரட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். கடிதம் வந்தது, இடமும் கிடைத்தது. நான் சொல்லவில்லை. அக்கா மறுபடி கேட்கவும் இல்லை. அது எனக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் திருப்பதியில் வேலையில் இருந்தேன். நைனா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அக்கா பஸ்ஸில் வந்து இறங்கியபோது கைப்பையைக்கூடத் தூக்க முடியாமல் கண்டக்டர் இறக்கிக் கொடுத்தார். மறுநாள் அவளை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தெலுங்குக்கார லேடி டாக்டர், என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். அவர் மருந்து எழுதவில்லை. கட்டைவிரலை மடக்கி முன்கையைத் தொடச் சொன்னார். சுண்டுவிரலை நிமிர்த்தச் சொன்னார். முழங்கையை நீட்டச் சொன்னார். முட்டி மடக்காமல் குனியச் சொன்னார். நெல்லிக்காய்க்குச் செய்த அதே வித்தைகளை முப்பத்து மூன்று வயதில் அக்கா வரிசையாகச் செய்து காட்டினாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதி மீகு புட்டுகதோ வச்சிந்தம்மா" என்றார். பிறக்கும்போதே உங்களோடு வந்தது என்று அர்த்தம். மூட்டுகளைக் கட்டி வைக்கிற நார்கள் தளர்ந்திருக்கின்றன, ஹைப்பர்மொபிலிட்டி என்று அதற்குப் பெயர், வலி பொய்யில்லை, உங்களுக்கு வலித்திருக்கத்தான் வேண்டும் என்றார். முழுக்கக் குணமாகாது, ஆனால் தசைகளைப் பலப்படுத்தலாம். முக்கியமாக ஒன்று, அந்தக் கையைத் தலைக்கு மேலே வீசி உயர்த்தவே கூடாது. அக்கா அதைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு பந்தலில் நடந்ததை அவரிடம் சொன்னாள். மெதுவாக மேலே கொண்டுபோனால் உள்ளே போய்விடும், நாங்களும் அப்படித்தான் செய்கிறோம் என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா வலத்தோளைத் தடவிக்கொண்டே, "உனக்குத் தெரியும் இல்ல?" என்றாள். தெரியும் என்றேன். "எனக்கும் தெரியும். கர்த்தர் மேல எனக்கு ஒண்ணும் கொற இல்ல. ஒவ்வொரு பண்டிகையிலயும் கைய தூக்கும்போது, இன்னிக்கு நீ எழுந்து சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேன்" என்றாள். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அன்று பிடித்துக்கொண்டு நின்றது அவள்தான்.

அந்த வருஷப் பண்டிகைக்கு இருவரும் சேர்ந்து சித்தூர் கோயிலுக்குப் போனோம். ஆயர் வழக்கம்போல அக்காவைக் கூப்பிட்டார். அவள் முன்னால் போய் நின்றாள். கையை உயர்த்தவில்லை. "எனக்கு வலிக்குது. அன்னிக்கும் வலிச்சிது. கூட்டத்துக்கு முன்னாடியே நழுவிக்கினு இருந்த கை இது. எந் தங்கச்சிக்குத் தெரியும்" என்றாள். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. மூன்றாம் வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் திரும்பிப் பார்த்த முகத்தில் கோபமில்லை, கெஞ்சல் இருந்தது. சொல்லிவிடாதே என்கிற கெஞ்சல். நான் எழுந்து நின்றேன். முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். யாரோ, "விசுவாசம் போச்சு" என்று முனகினார்கள். ஆயர் சங்கடத்தோடு பாடகர் குழுவுக்குக் கண் காட்டினார். ஹார்மோனியம் தொடங்கியது, சபை எழுந்தது. அப்போதுதான் என் வாயிலிருந்து, "ஆமா, எனக்குத் தெரியும்" என்று வந்தது. எல்லோரும் நின்று பாடிக்கொண்டிருந்த இடத்தில் நானும் நின்று பாடுகிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது அக்கா கேட்டாள். "சொன்னியா?" சொன்னேன் என்றேன். அவள் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "எனக்குக் கேக்கல" என்றாள்.

அதன் பிறகு அவளைச் சாட்சி சொல்ல யாரும் அழைக்கவில்லை. அவள் உட்கார்ந்த பெஞ்சில் இடம் இருந்தும் மற்றவர்கள் வேறு பெஞ்சுக்குப் போனார்கள். டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை விடாமல் செய்தாள், வலி பாதியாகக் குறைந்தது, என்னிடம் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் கடைசிவரை ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகத்தான் உட்கார்ந்தாள்.

நேற்று மறுபடி ஸ்டூல் போட்டு ஏறினேன். இத்தனை கிட்டத்தில் பார்த்தால் எல்லாம் தெரிகிறது. உயர்த்திய கையில் முழங்கை பின்பக்கம் வளைந்திருக்கிறது. தாவணிக்குக் கீழே தோள் முன்னால் துருத்திக்கொண்டிருக்கிறது. ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "கதலொத்தம்மா, கதலொத்து", அசையாதே அசையாதே என்று சொல்லிக்கொண்டே நேரமாக்கினார். அவர் எடுத்து முடிப்பதற்குள் தோள் நழுவிவிட்டது. நைனா விரட்டியதால் நான் இடப்பக்கம் நாலடி தள்ளி, படத்துக்கு வெளியே நின்றிருந்தேன். அங்கே தேவதூதன் யாரும் இல்லை. அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.