பவுடர் டப்பாவும் கப்பல் மாமாவும்

கடலே இல்லாத மைசூரில், ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டுக்குக் கடலிலிருந்து ஒருவர் வந்துபோவார். அம்மாவின் தம்பி, கப்பலில் வயர்லெஸ் ஆபீசர். அப்பா அக்ரஹாரத்து வாடகை வீட்டின் மொட்டைமாடியில் கம்பி கட்டி அமெச்சூர் ரேடியோ நடத்திக்கொண்டிருந்தார். காலைப் பலகாரம் முடியும் நேரம் பார்த்து மாமாவின் குரல் அந்தக் கம்பி வழியாக ரிசீவருக்குள் இறங்கும். லைசென்ஸ் அப்பாவுக்கு என்பதால் அவர்தான் பேசுவார். அம்மா கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலில் நின்று கேட்பாள். தொழிற்சாலை இரைச்சலில் கத்திப் பழகிய அப்பாவின் தொண்டையையும் பிள்ளைகள் எங்கள் சண்டையையும் தாண்டி அவள் காதில் என்ன விழுந்திருக்கும் என்பது சந்தேகம்தான்.

ஒரு ஞாயிறு மாமா வரவில்லை. கடலில் புயல் என்று முந்தின நாள்தான் செய்தியில் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் முழுக்க அம்மா ரசத்தில் உப்புப் போட மறந்தாள். யாரும் குறை சொல்லவில்லை, அப்பா உட்பட.

அடுத்த ஞாயிறு பார்த்துத்தானா பக்கத்துத் தெரு ராயர் புது டிரான்ஸ்மிட்டரை ஓட்டிப் பார்க்க வேண்டும்? அவர் பேச ஆரம்பித்தால் எங்கள் ரிசீவருக்கு மூச்சு முட்டிவிடும். எந்தப் பக்கம் திருப்பினாலும் கரகரப்பு. அப்பா சத்தத்தைக் கூட்டினார், கரகரப்புதான் கூடியது. அம்மா ராயர் வீட்டுப் பக்கத்து ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். அதற்கும் அவர் அடங்கவில்லை.

“போயி ஸ்வல்ப நேரம் நிறுத்தச் சொல்லுங்களேன்” என்றாள் அம்மா.

“எப்படிச் சொல்றது? எனக்கு மோர்ஸ் சொல்லிக் குடுத்து, லைசென்ஸ் வாங்க வெச்ச மனுஷன். அவர் வாயை அடைக்க வேணாம். நம்ம காதைக் கொஞ்சம் மந்தமாக்கிப் பாக்கலாம்.”

சில ரெசிஸ்டர்களைப் பற்றவைத்து, காலிப் பவுடர் டப்பாவுக்குள் அடக்கி, ஒரு சுவிட்சும் வைத்து, ஏரியல் கம்பிக்கும் ரிசீவருக்கும் நடுவில் மாட்டினார். வருகிற குரல்களையெல்லாம் குறைத்து உள்ளே விடும் டப்பா அது.

“அவன் குரல் வர்றதே கொஞ்சூண்டு. அதையும் கொறைப்பீங்களா?” அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரிய சத்தம் திணறடிப்பதுதான் வியாதி, எல்லாவற்றையும் குறைத்தால் ரிசீவர் மூச்சு விடும், சின்னக் குரல் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லி அப்பா சுவிட்சைப் போட்டார். கரகரப்பு சட்டென்று விழுந்தது. ராயர் ஒரு மூலையில் ஒதுங்கினார். அதற்கும் அப்பால், எறும்பு ஊர்வது போல ஒரு குரல்.

“அத்தான், கேக்குதா? அக்கா இருக்காங்களா?”

எல்லோரும் ரிசீவரோடு ஒட்டிக்கொண்டோம். அம்மா கரண்டியை எங்கேயோ போட்டுவிட்டு எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தாள். கேள்விக்கு ரிசீவரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

“இருக்கா. தலையாட்டறா” என்றார் அப்பா. அவருக்கு அவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மாமா சிரித்தார். புயலுக்கு ஒதுங்கி வேறு வழியில் போனார்களாம், எல்லோரும் சௌக்கியமாம்.

பிறகு ராயர் பெங்களூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். டப்பாவுக்கு வேலை இல்லை. அப்பா அதைக் கழற்றப் போனபோது அம்மா, “இருக்கட்டும்” என்றாள்.

“வீணா குரல் கொறையுதே.”

“கொறையட்டும்.”

ஆயுத பூஜைக்கு அந்தப் பவுடர் டப்பாவுக்கும் குங்குமம் வைத்தாள். தம்பியைக் கரை சேர்த்த டப்பா என்று நம்புகிறாள் போலிருக்கிறது என்று நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

இப்போது நினைத்தால் ராயருக்கு ஒரு பெரிய கும்பிடு போடத் தோன்றுகிறது. குரல் சின்னதாக இருந்ததால் ஞாயிறுதோறும் நாங்கள் சண்டையை மூட்டை கட்டிவிட்டு அம்மாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் புடவையின் தாளிப்பு வாசனை எனக்கு அப்படித்தான் பழக்கமானது. மாமா பேசி முடிக்கும்வரை அவளை யாரும் காபி கேட்டுக் கூப்பிடவில்லை என்பதை அன்று நான் கவனிக்கவில்லை; அம்மா கவனித்திருக்கிறாள்.