எர்த் அடித்த கிரைண்டர்

ஒவ்வொரு வருஷமும் மின்சாரப் பாடம் நடத்தும்போது, வகுப்பில் ஒரு பிள்ளையாவது எழுந்து, "மிஸ், எர்த்துதான அடிக்கும்? அதப் போயி எதுக்கு வீட்டுக்குள்ள வச்சிருக்கோம்?" என்று கேட்டுவிடும். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. எங்கள் பக்கத்தில் கிரைண்டரோ ஃபிரிட்ஜோ தொட்டதும் விரலைச் சுருக்கென்று கடித்தால் 'ஷாக் அடிக்குது' என்று யாரும் சொல்லமாட்டார்கள், 'எர்த் அடிக்குது' என்பார்கள். ஷாக் என்றால் ஆளைத் தூக்கி எறிய வேண்டும். எர்த் என்றால் எறும்புக் கடி. கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கி நம்மைக் காப்பாற்றுகிற கம்பியின் பெயரைத்தான் ஊர் இப்படிக் கடிக்கிற பிசாசுக்குச் சூட்டி வைத்திருக்கிறது. அந்தப் பிள்ளை கேட்கிற கேள்வியை நான் பத்து வயதில் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் சித்தப்பா இன்றைக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

அப்போது நாங்கள் ஆறுமுகநேரியில் இருந்தோம். அப்பாவுக்குக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை. அவருடைய தம்பியான சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். கடையில் உட்கார மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்று, ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்துவிட்டு வந்திருந்தார். அப்பாவுக்கு அது ஆறாத வருத்தம். "கடையில ஃபேனுக்குக் கீழ உக்காருலேன்னா, ஃபேனு மாட்டப் போறேங்கான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். சித்தப்பா காதில் போட்டுக்கொள்ள மாட்டார். இடுப்பு பெல்ட்டில் கட்டிங் பிளேயரும் சட்டைப் பையில் டெஸ்டருமாகத்தான் சாப்பிடக்கூட உட்காருவார். ஒரு சுவிட்ச் மாட்டினாலும் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, கோணலாக இருக்கிறதா என்று பார்ப்பார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு உற்றுப் பார்க்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டு வயரிங் முழுக்க அவர் கைவேலை. கொல்லையில் ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி, ஓர் இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்புமாகக் கொட்டி மூடினார். ஊரே உப்பளம், மண்ணை எடுத்து நாக்கில் வைத்தால் கரிக்கும். அதில் மூட்டை உப்பை வேறு கொட்டுகிறானே என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் குழாயிலிருந்து ஒரு பச்சை வயர் ஜன்னல் வழியாக அடுக்களைக்குள் வந்து, கிரைண்டரின் இரும்புக் காலில் ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. குழி காய்ந்துபோனால் எர்த் வேலை செய்யாது என்பதால், மழை இல்லாத நாட்களில் வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது.

கொஞ்ச நாள் ஊற்றினேன். செடியா கொடியா? பூக்காத காய்க்காத ஒரு குழாய்க்காகக் குடம் சுமப்பது எனக்குக் கேவலமாகப் பட்டது. பொங்கல் கழிந்ததும் நிறுத்திவிட்டேன். சித்தப்பா கேட்டால் "ஊத்தியாச்சு" என்பேன்.

பங்குனி வெயிலில் கிரைண்டர் கடிக்க ஆரம்பித்தது. மாவைத் தள்ளிவிடக் கையைக் கொண்டுபோகும்போதெல்லாம் அம்மா 'ஸ்ஸ்' என்று இழுத்துக்கொள்வாள். "எர்த் அடிக்குது தம்பி, என்னன்னு பாருங்க" என்று சித்தப்பாவிடம் சொன்னாள். சித்தப்பாவுக்கு அப்போது தலைக்கு மேல் வேலை. இரும்புக் கடை அண்ணாச்சி இரண்டு மாடியில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார், அதன் முழு வயரிங்கையும் சித்தப்பாவை நம்பிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்கு வாய்த்த முதல் பெரிய வேலை அதுதான். அது நல்லபடியாக முடிந்தால் அப்பா கடைப் பேச்சை எடுக்க முடியாது.

"ஞாயித்துக்கெழம பிரிச்சுப் பாக்கேன் மதினி. அதுவரைக்கும் சுவிட்ச அமத்தாமக் கைய உள்ள விடாதிய. பலகையில ஏறி நில்லுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏளா, தண்ணி ஊத்துதியா?" என்றார்.

"ஊத்துதேன் சித்தப்பா."

பொய் சொன்னேனே தவிர, அம்மாவின் விரல்கள் எனக்கு உறுத்திக்கொண்டேதான் இருந்தன. அவள் ஒவ்வொரு முறை 'ஸ்ஸ்' என்னும்போதும் என் விரல் சுருங்கும். அந்த வாரம் சித்தப்பா முற்றத்தில் வயர்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது, எது என்ன என்று கேட்டேன். "செவப்பு கரண்ட் வாரது, கறுப்பு திரும்பிப் போறது, பச்சை எர்த்து" என்றார். அதற்கு மேலும் ஏதோ சொல்லிக்கொண்டு போனார். எனக்கு அவ்வளவே போதுமாக இருந்தது. அம்மாவை அடிப்பது எர்த். எர்த் வருகிற வழி பச்சை வயர். கணக்கு முடிந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா கண்ணயர்ந்ததும் என் கத்திரிக்கோலை எடுத்தேன். சார்ட் பேப்பர் வெட்டுவதற்காகத் திருச்செந்தூரில் வாங்கிய, மஞ்சள் பிடி போட்ட சின்னக் கத்திரி. அரிசி டிரம்முக்குப் பின்னால் குனிந்து பச்சை வயரைக் கடித்துக் கடித்து வெட்டினேன். உள்ளே இருந்த செம்பு லேசில் விடவில்லை. வயர் அறுந்தபோது கத்திரியின் வாயில் பல் பதிந்தது போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. இரண்டு நுனிகளையும் டிரம்முக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். இனி அம்மாவுக்குப் பலகையும் தேவையில்லை என்று அதைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் போட்டேன். ஒரு பெரிய நன்மை செய்துவிட்ட நிறைவோடு அன்றைக்கு இரண்டு முறுக்கு கூடுதலாகத் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அடுக்களையைக் கழுவிவிட்டு அரிசியைப் போட்டாள். பலகையைத் தேடினாள், காணவில்லை. சித்தப்பாதான் இன்றைக்கு அதைப் பார்த்துவிடப் போகிறாரே, ஒரு தடவைதானே என்று நினைத்திருப்பாள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, ஓடுகிற கிரைண்டரின் விளிம்பைப் பிடித்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து, அவள் 'ஸ்ஸ்' என்று சொல்லாமல் இருப்பதைப் பார்ப்பதற்காகவே காத்திருந்தேன்.

அவள் எதுவும் சொல்லவில்லை. தொண்டையில் ஒரு சத்தம் மட்டும் வந்தது. கை விளிம்போடு ஒட்டிக்கொள்ள, உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. நான் "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

"தொடாதளா! தள்ளிப் போ!"

முற்றத்திலிருந்து ஓடிவந்த சித்தப்பா என்னைத் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, அம்மா பக்கமே திரும்பாமல் நடையில் இருந்த மெயின் சுவிட்சை நோக்கி ஓடினார். அம்மா செத்துக்கொண்டிருக்கிறாள், இந்த மனுஷன் சுவரைப் பார்த்து ஓடுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. படீரென்று மெயின் விழுந்தது. கிரைண்டர் நின்றது, ஃபேன் நின்றது, அம்மா தரையில் சரிந்தாள். நான் அவளைத் தொட்டிருந்தால் இரண்டு பேராகப் போயிருப்போம் என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷங்கள் ஆயின.

மூச்சு இருந்தது. உள்ளங்கை மட்டும் வெந்திருந்தது. அப்பா ஆட்டோவில் போட்டுத் திருச்செந்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். வீட்டில் நானும் சித்தப்பாவும் மிஞ்சினோம்.

அவர் கிரைண்டருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அரிசி டிரம்மை நகர்த்தினார். பச்சை வயரின் இரண்டு நுனிகளும் வெளியே வந்தன. அறுந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. எழுந்து கொல்லைக்குப் போனார். குழாயைச் சுற்றி மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நான்கு குடம் தண்ணீர் இறைத்து ஊற்றினார்.

"ஏளா, ஒன் கத்திரியக் கொண்டா" என்றார் பிறகு.

"எதுக்கு சித்தப்பா?"

"டேப்பு வெட்டணும்."

கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் அதை ஒரு தரம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டேப்பைத் தன் பிளேயராலேயே வெட்டினார். பழைய வயரை முழுசாக உருவிச் சுருட்டி, செய்தித்தாளில் பொதிந்து எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, புது வயர் இழுத்தார். வெட்டியது நான்தான் என்று கண்டுபிடித்துவிடுவாரோ என்று அவ்வளவு நேரமும் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எதையும் கேட்கவில்லை.

சாயங்காலம் அம்மா கையில் கட்டோடு திரும்பி வந்தாள். பார்க்க வந்தவர்களில் இரும்புக் கடை அண்ணாச்சியும் ஒருவர். எல்லாருக்கும் முன்னால் அப்பா கேட்டார்: "எப்பிடிலே ஆச்சு?"

"நான்தாம்ண்ணே. போல்ட்டச் சரியா முறுக்காம விட்டுட்டேன். உப்புக் காத்துல லூசாயி எர்த் வயரு கழண்டுட்டு. எந் தப்புதான்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடடா, போல்ட்டும் கழன்றிருக்கிறது! அப்படியானால் என் வெட்டு ஒன்றும் செய்யவில்லை என்று சந்தோஷப்பட்டேன். கட்டிலில் கிடந்த அம்மா மட்டும், "தம்பி முறுக்குன போல்ட்டு கழறாது" என்று முனகினாள். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

"வீட்டு மனுசியவே கொல்லப் பாத்துட்டு, ஊரான் வீட்டுக்கு வயர் இழுக்கப் போறியாலே?" என்று அப்பா பாய்ந்தார். "நாளையில இருந்து கடைக்கு வா. பேசாம வா."

அண்ணாச்சி காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டு, "தம்பி கொஞ்ச நாளு வீட்டோட இருக்கட்டும். நம்ம வேலைய வேற ஆள வச்சுப் பாத்துக்கிடுதேன்" என்றார். தன்மையாகத்தான் சொன்னார். சித்தப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குப் பிறகு அவரை யாரும் வயரிங்குக்குக் கூப்பிடவில்லை. கடை இப்போது அவருடையது. டியூப் லைட் போனால்கூட ஆளை வரவழைத்துத்தான் மாட்டுகிறார். ஏணிக்குக் கீழே நின்று, "சுவிட்ச அமத்திட்டியாடே?" என்று ஒன்றுக்கு மூன்று தரம் கேட்பார். மாட்டியதும் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். இன்றைக்கு எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை கடைப்படி ஏறியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ சீனியோடு இறங்கியிருக்கிறேன்.

அவர் முதன்முதலாகக் கடைக்குக் கிளம்பிய அந்தத் திங்கட்கிழமை காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெளுத்த சட்டை போட்டிருந்தார், இடுப்பில் பெல்ட் இல்லை. அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நான் சடை பின்னிக்கொண்டிருந்த இடத்துக்குச் சித்தப்பா வந்து, சட்டைப் பையிலிருந்து என் மஞ்சள் கத்திரியை எடுத்துக் கொடுத்தார். படிக்கல்லில் தீட்டி, தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார். அதன் வாயில் விழுந்திருந்த பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை.

"இதுல பேப்பர் மட்டுந்தான் வெட்டணும். என்னளா?" என்றார்.

"சரி சித்தப்பா" என்றேன்.

என் தலையில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, அப்பாவுக்குப் பின்னால் இறங்கிப் போனார். நான் நோட்டின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிப் பார்த்தேன். புதுசு மாதிரி வெட்டியது. ஒரு சின்னக் கத்திரி மழுங்கிப் போனதற்கு இந்தச் சித்தப்பா இவ்வளவு கவலைப்படுகிறாரே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே, பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.